நிக்ஸி கடிகாரத்தின் 180 வோல்ட் சப்ளை ஏன் இப்படிச் சுடுகிறது?

வாயு நிரப்பிய கண்ணாடி ட்யூப்களுக்குள் எண்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிருமே, அந்த நிக்ஸி கடிகாரத்தைக் கட்டுகிற யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. 12 வோல்ட்டை 180 வோல்ட்டாக ஏற்றும் அந்தச் சின்ன போர்டு கொதிக்கிறது, கை வைக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கை வைக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கை வைக்காதீர்கள். அந்த போர்டில் வேகமாகத் திறந்து மூடும் மின் சுவிட்ச்தான் மாஸ்ஃபெட். அதன் முதுகில் இருக்கும் உலோகத் தகடு உள்ளே டிரெயின் காலோடு இணைந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் தகடு பூஜ்யத்துக்கும் 180 வோல்ட்டுக்கும் இடையே தாவுகிறது. சூடு பார்க்க விரல் வைத்தால் சூட்டுக்கு முன்னால் ஷாக் வரும். ஹீட்சிங்க்கை நேரடியாகத் திருகியிருந்தால் அந்த ஹீட்சிங்க்கும் அப்படித்தான். மல்டிமீட்டரோடு வரும் தெர்மோகப்பிள் முனையையும் அதன் மேல் நேராக வைக்கக் கூடாது, நடுவில் கேப்டன் டேப் (Kapton, சூடு தாங்கும் மின்காப்பு டேப்) ஒரு துண்டு இருக்க வேண்டும். தூரத்திலிருந்து சூடு காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி பாதுகாப்பானது, ஆனால் பளபளப்பான உலோகத்தின் மேல் அது உண்மைச் சூட்டைவிட ரொம்பக் குறைத்துக் காட்டும். தகட்டின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் சின்னதாக ஒட்டி, அந்த டேப்பைக் குறிவைத்து அளந்தால் நம்பக்கூடிய எண் வரும். டேப் ஒட்டுவதும் எடுப்பதும் பவரை நிறுத்தி, வெளியீட்டுக் கெப்பாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் காலி செய்த பிறகுதான். 4.7 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 180 வோல்ட் நின்றால் கிட்டத்தட்ட 76 மில்லி ஜூல் இருக்கிறது, கையை உதறவைக்க அது தாராளமாகப் போதும். அதன் குறுக்கே நிரந்தரமாக ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால், அணைத்துப் பத்துப் பதினைந்து விநாடியில் தானே வடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுவது என் வழக்கம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த சப்ளை சுடுகிறது என்றால் ஹீட்சிங்க் வாங்க ஓடாமல், எத்தனை வாட் வீணாகிறது, எந்த உதிரியில் வீணாகிறது என்று கணக்குப் போடுங்கள். கணக்கு ரொம்ப எளிது. விடை பெரும்பாலும் எல்லோரும் சந்தேகிக்கிற இடத்தில் இருக்காது.

மதுரையிலிருந்து ஒரு தம்பி தன் கடிகாரத்தை என்னிடம் எடுத்து வந்தார். ஆறு ஐஎன்-14 ட்யூப்கள், சோவியத் காலத்துப் பழைய சரக்கு, 12 வோல்ட் அடாப்டர், மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடவைக்கும் எம்சி34063 ஐசி, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோ ஹென்றி காயில். இணையத்தில் பார்க்கும் சர்க்யூட்டுகளில் பாதி இந்தக் குடும்பம்தான். போட்ட உடனே அழகாக எரியும். அரை மணி நேரம் போனால் எண்கள் மங்கி, விநாடி இலக்கம் துடிக்க ஆரம்பிக்கும். "அண்ணா, இதைவிடப் பெரிய ஹீட்சிங்க் போட்டா சரியாயிடுமா?" என்றார். ஏற்கெனவே போட்டிருந்ததே போர்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. "இரு தம்பி, முதல்ல எவ்வளவு தின்னுதுன்னு பாப்போம்" என்றேன்.

முதல் வேலை, ட்யூப்களைக் கழற்றி ஓரமாக வைப்பது. 1955-இல் பர்ரோஸ் நிறுவனம் நிக்ஸியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு எல்இடி வந்து பரவியதும் மெல்ல மெல்ல எல்லா ஊரிலும் தயாரிப்பு நின்றுபோனது. இன்று செக் நாட்டில் தாலிபோர் ஃபார்னி போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் புதிதாகச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ட்யூப்பைச் சோதனைக்கு மாட்டி வைக்க எனக்கு மனசு வராது. ஒரு ஐஎன்-14 சுமார் 2.5 மில்லி ஆம்பியர் எடுக்கும், ஆறுக்கு 15 மில்லி ஆம்பியர். 180 வோல்ட்டில் அதே 15 மில்லி ஆம்பியரை ஒரு 12 கிலோ ஓம் ரெசிஸ்டரும் எடுக்கும். 5 வாட் வயர்வவுண்ட் ஒன்று கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் 3.3 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் நான்கைத் தொடராகச் சேர்த்தால் ஏறக்குறைய அதே சுமை. சென்னையில் ரிச்சி தெருவில் இதெல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

அடுத்து, கடிகாரத்தின் மற்ற ஐசிகளுக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் பகுதியைப் பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஹை வோல்டேஜ் பகுதியைக் குறை சொல்பவர்கள் நிறைய. ட்யூப்பில் எந்த எண் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கே155ஐடி1 டிகோடர் ஐசி ஒவ்வொன்றும் 15, 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் பழைய டிடிஎல் ரகம், ஆறு இருந்தால் அதுவே 100 மில்லி ஆம்பியர். அதோடு வைஃபை சிப் ஒன்று சராசரியாக 80 எடுத்தால் 180 மில்லி ஆம்பியர். இதை 12 வோல்ட்டிலிருந்து 7805 வழியாக இறக்கினால் 7 வோல்ட் வித்தியாசத்தில் 1.26 வாட் அந்த ரெகுலேட்டரிலேயே எரிகிறது. பல கடிகாரங்களில் பெட்டியைச் சூடாக்குவதே இந்த 7805 தான், பக்கத்திலிருக்கும் மாஸ்ஃபெட்டின் மேல் பழி விழுகிறது. அங்கே, மிச்ச வோல்ட்டைச் சூடாக எரிக்காமல் துடிப்புகளாக வெட்டி இறக்கும் ஒரு சின்ன பக் கன்வர்ட்டர் மாட்யூல் போட்டால் அந்தச் சூடு ஏறக்குறைய மறைந்துவிடும்.

தம்பியின் போர்டில் 5 வோல்ட் பகுதியைக் கழற்றிவிட்டு, 12 கிலோ ஓம் சுமையோடு, அடாப்டர் வயரில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்தோம். மீட்டரை 10 ஆம்பியர் துவாரத்தில் வைக்க வேண்டும். மில்லி ஆம்பியர் துவாரத்தில் வைத்தால் மீட்டரே கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். 0.45 ஆம்பியர் காட்டியது. அதாவது உள்ளே போவது 5.4 வாட். வெளியே வருவது 180 வோல்ட், 15 மில்லி ஆம்பியர், 2.7 வாட். மீதி 2.7 வாட் வெறும் சூடு. போட்டதில் பாதி வீண். இந்த வகை சப்ளையில் ஒழுங்காகக் கட்டினால் 80 சதவீதம் எடுக்கலாம், அப்போது வீணாவது 0.7 வாட்தான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஹீட்சிங்க் இல்லாமல் காற்றில் நிற்கும் டிஓ-220 உறையில் (இந்த மாஸ்ஃபெட் வரும் மூன்று கால் உறை) ஒரு வாட் எரிந்தால் சுற்றியிருக்கும் காற்றைவிட சுமார் 62 டிகிரி கூடுதலாகச் சூடேறும். சித்திரை மாதத்தில் நம் ஊர் அறையில் 35 டிகிரி என்று வையுங்கள், மூடிய பெட்டிக்குள் 45. அதன் மேல் 62 சேர்ந்தால் 107. ஐரோப்பாவில் 20 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவர் "ஹீட்சிங்க் தேவையில்லை" என்று எழுதிய சர்க்யூட் இங்கே தடுமாறுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இப்போது அந்த 2.7 வாட் எங்கே போகிறது? பெரும்பாலோர் மாஸ்ஃபெட்டின் ஆன் ரெசிஸ்டன்ஸைத்தான் (அது திறந்து கடத்தும்போது மிச்சமிருக்கும் ரெசிஸ்டன்ஸ்) முதலில் சந்தேகிப்பார்கள், குறைந்த ஓம் உள்ள பெரிய மாஸ்ஃபெட்டைத் தேடிப் போவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த சர்க்யூட்டில் காயிலின் கரண்ட் பூஜ்யத்திலிருந்து 1.2 ஆம்பியர் வரை ஏறும், 12 வோல்ட்டில் 100 மைக்ரோ ஹென்றிக்கு அதற்கு 10 மைக்ரோ செகண்ட் ஆகும். 50 கிலோ ஹெர்ட்ஸில் அது பாதி நேரம். இந்த முக்கோண கரண்ட்டின் ஆர்எம்எஸ் மதிப்பு (சூட்டுக் கணக்குக்கு எடுக்கும் ஒருவகைச் சராசரி) அரை ஆம்பியர்கூட வராது. ஐஆர்எஃப்740-இன் ஆன் ரெசிஸ்டன்ஸ் 0.55 ஓம், ஆக 0.13 வாட். சூடேறி ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்கானாலும் கால் வாட்தான். குற்றவாளி அங்கே இல்லை.

மாஸ்ஃபெட் அணைகிற அந்த ஒரு கணத்தைப் பாருங்கள். குழாயில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்கிறதே, அதுபோலத்தான் காயிலின் கரண்ட்டும், அடைத்தால் நிற்க மாட்டேன் என்று வோல்ட்டை மேலே தூக்குகிறது, 180-ஐத் தாண்டியதும் டயோடு வழியாக வெளியேறுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மாஸ்ஃபெட் மெதுவாக அணைந்தால், அது பாதி மூடியிருக்கும் நேரம் முழுவதும் 1.2 ஆம்பியரும் ஏறிக்கொண்டிருக்கும் வோல்ட்டும் சேர்ந்து அதன் மேலேயே விழுகின்றன. தோராயக் கணக்கு: 180-ஐ 1.2-ஆல் பெருக்கி, பாதியாக்கி, அணையும் நேரத்தாலும் ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதாலும் பெருக்குங்கள். அணைய 50 நானோ செகண்ட் ஆனால் 0.27 வாட். 300 நானோ செகண்ட் ஆனால் 1.6 வாட். ஒரு மைக்ரோ செகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நேரம் ஹீட்சிங்க் இல்லாத மாஸ்ஃபெட்டைப் பொசுக்கிவிடும்.

எம்சி34063-இல் இது ஏன் நடக்கிறது? அந்த ஐசி பழைய காலத்து வடிவமைப்பு. அதற்குள் இருப்பது மாஸ்ஃபெட் டிரைவர் இல்லை, ஒரு டார்லிங்டன் டிரான்சிஸ்டர். மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுக் காலான கேட்டை (gate) மேலே தள்ள அதற்குத் தெரியும், கீழே இழுக்கத் தெரியாது. அதனால் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போடுவார்கள், பல சர்க்யூட்டுகளில் அது 1 கிலோ ஓம். ஐஆர்எஃப்740-இன் கேட் சார்ஜ் (திறக்க கேட்டில் நிரப்ப வேண்டிய மின்னூட்டம்) 63 நானோ கூலும் வரை போகும், அத்தனையும் அந்த ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சில மில்லி ஆம்பியரில் வடிய வேண்டும். ஆஸிலாஸ்கோப்பை கேட்டில் வைத்தால் இது கண்ணுக்கே தெரியும். அலை மேலே ஏறும்போது செங்குத்தாக ஏறுகிறது, இறங்கும்போது பாதி வழியில் ஐந்து வோல்ட் பக்கத்தில் தட்டையாக ஒரு படி நின்றுவிட்டு, பிறகு சோம்பலாகக் கீழே போகிறது. அந்தத் தட்டையான படி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் மாஸ்ஃபெட் வெந்துகொண்டிருக்கிறது. ரெசிஸ்டரை 220 ஓமாகக் குறைத்தால் கொஞ்சம் வேகமாகும், ஆனால் கேட் ஆன் ஆக இருக்கும் நேரமெல்லாம் அந்த ரெசிஸ்டரே கால் வாட் குடிக்கும், ஐசியும் சுடும். அது எனக்குப் பிடித்த வழியில்லை.

நான் செய்வது இது. 2என்2907 மாதிரி ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர், அதன் எமிட்டர் கேட்டில், கலெக்டர் கிரவுண்டில், பேஸ் ஐசியின் 2-ஆம் காலில். அந்தக் காலிலிருந்து கேட்டுக்கு ஒரு 1என்4148 டயோடு, அம்பு கேட்டைப் பார்த்து. பழைய 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இப்போது பேஸிலிருந்து கிரவுண்டுக்கு. ஐசி மேலே தள்ளும்போது கரண்ட் டயோடு வழியாக கேட்டுக்குப் போகும். ஐசி விட்டுவிட்டால் ரெசிஸ்டர் பேஸை மட்டும் இழுத்தால் போதும், டிரான்சிஸ்டர் அதைப் பல மடங்காக்கி கேட்டைக் கீழே அறைந்துவிடும். இரண்டே உதிரிகள், செலவு பத்து ரூபாய்க்குள் அடங்கும். டிரான்சிஸ்டரை மாஸ்ஃபெட்டின் கேட், சோர்ஸ் கால்களுக்கு ஒட்டியே வைக்க வேண்டும், ஐந்து சென்டிமீட்டர் வயர் இழுத்தால் பாதி பலன் போய்விடும்.

இன்னொன்று, மாஸ்ஃபெட்டையே மாற்றலாம், ஆனால் சின்னதாக. ஐஆர்எஃப்730-க்கு ஆன் ரெசிஸ்டன்ஸ் 1 ஓம், ஐஆர்எஃப்740-ஐவிட மோசம் என்று தோன்றும். ஆனால் அதன் கேட் சார்ஜ் 38 நானோ கூலும்தான். நம் கரண்ட்டில் 1 ஓம் என்பது இன்னொரு 0.1 வாட், வேகமாக அணைவதால் மிச்சமாவது அதைவிட எவ்வளவோ அதிகம். பெரிய மாஸ்ஃபெட் போட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை இந்த வேலையில் நேர் எதிராகப் போகிறது, இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் ஸ்கோப்பில் காட்டினால்தான் நம்புகிறார்கள். ஐஆர்எஃப்640 வேண்டாம், அது 200 வோல்ட் ரகம், 180-க்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பைக் வந்தாலும் போய்விடும். 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜரில் ஓட்டுபவர்களுக்குக் கதை வேறு. இந்த மாஸ்ஃபெட்டுகளுக்கெல்லாம் கேட்டில் 10 வோல்ட் வேண்டும், 5 வோல்ட்டில் அவை அரைகுறையாகத்தான் திறக்கும். அங்கே மட்டும் ஆன் ரெசிஸ்டன்ஸ் உண்மையிலேயே குற்றவாளி.

தம்பியின் போர்டில் டயோடும் தவறு. 1என்4007 போட்டிருந்தது. ஆயிரம் வோல்ட் தாங்கும், எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்த சர்க்யூட்டில் டயோடு கடத்த வேண்டிய நேரமே 0.7 மைக்ரோ செகண்ட்தான். அதற்குப் பிறகு சட்டென மூடிக்கொள்ள வேண்டும். 1என்4007 அதற்குப் பிறகும் மூடாமல் கிடக்கும், கஷ்டப்பட்டு மேலே ஏற்றிய சார்ஜ் அதே வழியாகத் திரும்பி ஓடிவரும். டயோடும் சுடும், காயிலும் வீணாகச் சுமக்கும். யுஎஃப்4004 போட்டால் 50 நானோ செகண்டில் மூடிவிடும், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடையில் கேட்கும்போது "ஃபாஸ்ட் டயோடு" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காயில். பச்சை நிறத்தில், ரெசிஸ்டர் மாதிரி வளையங்களோடு வரும் சின்ன காயில்கள் 100 மைக்ரோ ஹென்றி என்றே விற்கப்படுகின்றன, ஆனால் அவை சில நூறு மில்லி ஆம்பியருக்கானவை. 1.2 ஆம்பியர் வரும்போது கோர் (கம்பி சுற்றியிருக்கும் நடுத்துண்டு) காந்தத்தால் நிரம்பிவிடும். நிரம்பினால் அது வெறும் கம்பி, கரண்ட் நேராகச் சிகரத்துக்குத் தாவும். கரண்ட்டை ஐசி அளக்கப் பயன்படும் 0.25 ஓம் சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே ஸ்கோப் வைத்துப் பாருங்கள்: நேர்கோடாக ஏற வேண்டிய சாய்வு கடைசியில் மேல்நோக்கி வளைந்தால் கோர் நிரம்புகிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் கழித்து மங்குவதற்கும் இதில் பங்கு உண்டு. ஃபெரைட் சூடாக ஆக இன்னும் குறைந்த கரண்ட்டிலேயே நிரம்பும், கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஏறும், மாஸ்ஃபெட்டின் ரெசிஸ்டன்ஸும் ஏறும், எல்லாம் சேர்ந்து இன்னும் சூடாகும். வோல்ட் 170-க்குக் கீழே இறங்கினால் ட்யூப் பற்றவே தயங்கும், அதுதான் அந்தத் துடிப்பு. எண்ணின் ஒரு பகுதி மட்டும் எப்போதும் இருட்டாக இருப்பது வேறு நோய், கேதோடு பாய்சனிங் (அதிகம் எரியாத எண் கம்பியில் படிவு சேர்வது), அதற்கு சப்ளையைப் பிரிக்க வேண்டாம்.

பழைய கணினி சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள் வெள்ளை வளையக் கோரைச் சிலர் சுற்றிப் போடுகிறார்கள். கரண்ட் ஒவ்வொரு துடிப்பிலும் பூஜ்யம் வரை இறங்கி ஏறும் இந்த வேலைக்கு அந்த இரும்புத் தூள் சரிவராது, கோரே சுடும். 2 ஆம்பியராவது நிரம்பாமல் தாங்கும் ஃபெரைட் டிரம் காயில், ரெசிஸ்டன்ஸ் 0.2 ஓமுக்குள், அது போதும்.

பிரெட்போர்டில் கட்டிப் பார்த்துவிட்டு "சுடுகிறது" என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அதிலிருந்து எடுங்கள். 1.2 ஆம்பியர் துடிப்பு அந்த ஸ்பிரிங் தொடர்புகள் வழியாகப் போகக் கூடாது. மாஸ்ஃபெட், டயோடு, வெளியீட்டுக் கெப்பாசிட்டர் மூன்றும் ஒரு ரூபாய் நாணயம் சுற்றளவுக்குள் நெருக்கமாக இருக்க வேண்டும். உள்ளீட்டில் காயிலை ஒட்டி ஒரு 470 மைக்ரோ ஃபாரட் லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) கெப்பாசிட்டர். அது இல்லாவிட்டால் அடாப்டரின் நீளமான மெல்லிய வயரில் வோல்ட் விழும், வோல்ட் விழுந்தால் அதே வாட்டுக்கு இந்த சப்ளை இன்னும் அதிக கரண்ட் இழுக்கும்.

தம்பியின் போர்டில் பிஎன்பியும் சிக்னல் டயோடும் சேர்த்து, யுஎஃப்4004 மாற்றி, காயிலையும் மாற்றினோம். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் உள்ளீட்டு கரண்ட்டைக் குறித்தோம், எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கேட்டைச் சரிசெய்ததில்தான் பெரிய இறக்கம். கடைசியில் 0.28 ஆம்பியர், அதாவது 3.4 வாட். ஹீட்சிங்க்கைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு வோல்ட்டையும் கொஞ்சம் இறக்கினோம். சிலர் பிரகாசத்துக்காக 200 வைக்கிறார்கள். ட்யூப் எரியும்போது அதன் மேல் நிற்பது சுமார் 140 வோல்ட்தான், மீதியெல்லாம் ட்யூப்புக்குத் தொடராக நிற்கும் ஆனோடு ரெசிஸ்டரில் எரிகிறது. பிரகாசத்தைத் தீர்மானிப்பது கரண்ட், வோல்ட் இல்லை. 175 வைத்து 2.5 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் ரெசிஸ்டர் 14 கிலோ ஓம். ட்யூப் பழசாகிப் பற்றத் தயங்கினால் மட்டும் ஐந்தைந்து வோல்ட்டாக ஏற்றிப் பாருங்கள்.

பெட்டியை மறக்காதீர்கள். தேக்கில் அழகாகச் செய்து எல்லாப் பக்கமும் மூடிவிடுகிறார்கள். ட்யூப்புக்குப் போகும் 2.7 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அடியில் நான்கு துளை, பின்பக்கம் மேலே நீளமான ஒரு வெட்டு, காலுக்கு ரப்பர் குமிழ் வைத்து அரை சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தினால் காற்று தானே ஏறிப் போகும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட்டுக்கு ஒட்டி வைக்க வேண்டியிருப்பதால் 105 டிகிரி ரகமாக வாங்குங்கள், பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எல்லாம் முடிந்ததும் ட்யூப்பை மாட்டுவதற்கு முன், அதே 12 கிலோ ஓம் சுமையோடு பெட்டியை மூடி, ஃபேன் இல்லாத அறையில் ஒரு பகல் முழுக்க ஓடவிடுங்கள். மாலையில் திறந்து டேப் துண்டின் மேல் அளக்கும்போது 80 டிகிரிக்குக் கீழே நின்றால் ட்யூப்களை மாட்டலாம்.